நாற்பத்திரண்டு குடும்பம்

பவளம் அக்காவின் கல்யாணத்தை முன்நின்று நடத்தியது நான்தான். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தது நான், பதிவுப் பாரம் நிரப்பியது நான், சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான். பெண்ணுக்கு ஐம்பத்தொரு வயது, மாப்பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னதான் நடந்தது என்று யாராவது என்னைப் பிடித்துக் கேட்பார்கள், நாலு வார்த்தை திட்டுவார்கள் என்று மூன்று மாதம் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் வீடு கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் இருக்கிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் உமாதேவி. தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற பகுதியில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். எங்கள் தோட்டத்துக்கு மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு பகுதி. கீழ் டிவிஷனைக் கம்பெனி விற்றுவிட்டது. அங்கே தங்கும் விடுதி வரப்போகிறதாம். விற்ற நிலத்தில்தான் எங்கள் வரிசை வீடுகளான லயம் இருந்தது. நாற்பத்திரண்டு கதவு. ஆறு மாதத்தில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். நாங்கள் வீட்டுக் குழு அமைத்தோம், நான் செயலாளர். நாலு வருஷம் போராடினோம். மழையில் பேனர் பிடித்தோம், தோட்ட நிர்வாகி துரையின் காரை மறித்து ரோட்டில் உட்கார்ந்தோம், அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயா வரைக்கும் பஸ் எடுத்துப் போய் மனுக் கொடுத்தோம். கடைசியில் பக்கத்து ஊரான தானா ராத்தா போகும் வழியில் கல் வீடு கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி இன்றைக்கும் தலைநிமிர்ந்துதான் பேசுவேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த நாலு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. தானா ராத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி. ஈப்போவிலிருந்து லிங்கேஸ்வரன் அண்ணன் வருவார், முப்பது வருஷமாகத் தொழிலாளர் இயக்கத்தில் இருப்பவர். அவரோடு மோகனா வருவார், பெண்கள் அமைப்பில் சட்ட வேலை பார்ப்பவர். பாடப் புத்தகம் என்று ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிய ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் மூன்று பகுதி. முதல் பகுதி உழைப்பும் கூலியும்: நாம் கிள்ளும் கொழுந்து யாருடைய வீட்டில் லாபமாகிறது என்பது. இரண்டாம் பகுதி பெண்கள்: சோறு பொங்குவதும் பிள்ளை வளர்ப்பதும் ஏன் எந்தச் சம்பளத்திலும் வருவதில்லை என்பது. மூன்றாம் பகுதி குடும்பத்தைப் பற்றியது. குடும்பம் என்றால் ஆண், பெண், பிள்ளை என்று யார் முடிவு செய்தார்கள், அந்த முடிவால் முதலாளிக்கு என்ன வசதி, அதற்குள் அடங்காமல் பெண்ணும் பெண்ணுமாக, ஆணும் ஆணுமாக வாழ்கிறவர்கள் எங்கே போவார்கள் என்பது.

"மூணும் வேற வேற இல்ல. ஒரே சடைக்கு மூணு கால்" என்றார் மோகனா, முதல் நாளில்.

முதல் பகுதியை உருகி உருகிப் படித்தோம். இரண்டாம் பகுதியில் பெண்கள் அழுதார்கள், ஆண்கள் கீழே டீ குடிக்கப் போனார்கள். மூன்றாம் பகுதி தொடங்க வேண்டிய மாதத்தில் வீட்டுப் பிரச்சினை சூடு பிடித்தது. "இது பொறகு பாத்துக்கலாம்லா. மொதல்ல வீடு" என்றார் லிங்கேஸ்வரன் அண்ணன். யாரும் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அந்தப் பக்கங்களை நான் முன்னாலேயே புரட்டிப் பார்த்திருந்தேன். அதில் எழுதியிருந்த மாதிரி இரண்டு பேர் எங்கள் லயத்தில், எனக்கு ஏழு கதவு தள்ளி இருந்தார்கள்.

பவளம் அக்கா மலையில் கொழுந்து வெட்டுகிறவள். நிரந்தரத் தொழிலாளி. ஆள் நல்ல உயரம், பேச்சு ரொம்பக் கம்மி. அவளுக்கும் வீரப்பனுக்கும் தொண்ணூற்றாறில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் நடந்தது. ஐந்து வருஷம் வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. ஒரு நாள் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்தில் வேலை என்று போனவன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். பவளம் அக்கா தேடிப் போகவும் இல்லை, அழுது ஊரைக் கூட்டவும் இல்லை. தாலியைக் கழற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு அடுத்த நாள் மலைக்குப் போனாள்.

அதற்கு ஆறு வருஷம் கழித்து கங்கா வந்தாள். தாப்பா பக்கத்தில் ஏதோ தோட்டத்தில் புருஷனிடம் அடி தாங்காமல் ஓடி வந்தவள். யார் மூலமாக வந்தாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவள் பதினாறு வருஷம் இருந்துவிட்டாள். வாய்த் துடுக்கு. தோட்டக் கணக்கு எழுதும் கிராணியைப் பார்த்தால் கிராணியைக் கிண்டல் செய்வாள், சாமியைப் பார்த்தால் சாமியை. அவள் வந்த பிறகுதான் பவளம் அக்கா சிரித்து நாங்கள் பார்த்தோம்.

எங்கள் மலையில் இப்போது கையால் கிள்ளுவது கிடையாது. வளைந்த கத்தி வைத்த மெஷினை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒருவர் கால் இடறினால் மற்றவர் கை போகும். அதனால் நம்பிக்கையான ஜோடியைத்தான் ஆட்கள் தேடுவார்கள். பவளம் அக்காவுக்கு மறுபக்கம் கங்கா. ஆனால் அந்த நேரத்தில் தோட்டத்தில் உள்ளூர் ஆட்களை நிரந்தரத்தில் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், வங்காளதேசத்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வீட்டு ஆள் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொண்டால் கிராணி கண்டும் காணாமல் விட்டுவிடுவார். கேட்டபோது பவளம் அக்கா தங்கச்சி என்றாள். கிராணியும் வீட்டுப் புத்தகத்தில் தங்கச்சி என்று எழுதிவிட்டார். இரண்டு பேர் வெட்டிய கொழுந்து பதினாறு வருஷமாக ஒருத்தி பெயரில் நிறுவையானது. கங்காவின் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

அவர்கள் தங்கச்சி அக்கா இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் எல்லோருக்கும் தெரியும். ஒரு முறை பனி விலகாத காலையில் மலையோரம் போய்க்கொண்டிருந்தேன். பவளம் அக்கா குனிந்து கங்காவின் பூட்ஸுக்குள் உப்புத் தண்ணீர் தெளித்து அட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டு, ரத்தம் கசிந்த இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். கங்கா அவள் தலையில் கையை வைத்தபடி நின்றாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. என் புருஷன் தனேஸ் என்னை ஒரு நாளும் அப்படித் தொட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு பக்கம் திரும்பி நடந்துவிட்டேன்.

வீடு யாருக்கு என்ற விதிகளோடு கடிதம் வந்தபோது அதைக் கூட்டத்தில் லிங்கேஸ்வரன் அண்ணன் வாசித்தார். குடும்பங்களுக்கு மட்டும் வீடு. குடும்பம் என்றால் பதிவுச் சான்றிதழ் உள்ள கணவன் மனைவி, அல்லது பெற்றவரும் பிள்ளையும். கூட இருக்கும் ரத்த சம்பந்த உறவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். தனி ஆட்கள், நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால், மேல் டிவிஷன் ஆஸ்ரமாவுக்குப் போக வேண்டும். ஆஸ்ரமா என்றால் ஒரு அறைக்கு ஆறு இரும்புக் கட்டில். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கங்காவும் தட்டினாள். பட்டியல் போட்டுப் பார்த்தால் நாற்பத்தொரு குடும்பம் வந்தது. நாற்பத்திரண்டாவது கதவு பவளம் அக்காவுடையது.

எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வழி கிடைத்துவிட்டது. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பவளம் அக்கா கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பாதிப் பேர் செய்ததில்லை, ஒரு நாள் வேலை போய்விடுமே என்று. சட்டத்தின் கண்ணில் அவள் ஐம்பத்தொரு வயதுக் கன்னி. வீரப்பனைக் கூட்டி வந்து இப்போது பதிவு செய்துவிட்டால் கணவன் மனைவி ஆகிவிடுவார்கள், குடும்பம் ஆகிவிடும், கங்காவை மனைவியின் தங்கை என்று சேர்த்துவிடலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே போனேன். வெளியே மழை. கங்கா கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வீரப்பண்ணே இப்ப எங்க இருக்காரு?"

கங்காவின் கரண்டி நின்றது. பவளம் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் கங்காதான் முதலில் பேசினாள்.

"அப்ப நான் வீரப்பனுக்குக் கொழுந்தியாவா? நல்லாருக்குலா. பதினாறு வருஷம் கழிச்சு எனக்கு ஒரு மச்சான் கெடைக்கிறான்."

"பேப்பர்ல மட்டும்தான் கங்காக்கா. அவரு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு."

"பேப்பர்ல ஏறுனது எறங்காது உமா. எம் பேரு எதுலயும் ஏறாததாலதான் நான் நிம்மதியா இருக்கேன். அவன் பேரு இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

பவளம் அக்கா அவளைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டாள். "அந்த ஆஸ்ரமாவுல இவளுக்கு எடம் உண்டா?"

"இல்லக்கா. உங்களுக்கு மட்டும்தான் கட்டிலு."

"இவ எங்க போவா?"

கருவாடு தீயும் வாசம் வந்தது. "அப்பப் போயிப் பாத்துட்டு வா" என்றாள் பவளம் அக்கா. கங்கா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

வகுப்பில் இதைச் சொன்னேன். லிங்கேஸ்வரன் அண்ணன் தொடையைத் தட்டி, "நல்ல யோசனை, நாப்பத்திரெண்டும் முழுசா வந்துரும்" என்றார். மோகனாவுக்கு இன்னும் சந்தோஷம். பதிவில்லாத கல்யாணத்தால் எத்தனை பெண்கள் நடுத்தெருவில் நின்றிருக்கிறார்கள், இந்த அம்மாவுக்கு இனிமேல் மனைவி என்ற உரிமை வரும், அவர் சொத்தில் பங்கு வரும் என்றார்.

"அவரு சொத்தே ரெண்டு சட்டதான் மோகனா" என்றேன். மூவரும் சிரித்தோம்.

"கங்காங்கறவங்க அவங்க தங்கச்சியா?"

"தங்கச்சி மாதிரி."

மோகனா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மாதிரின்னா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கத் தயாராகத்தான் இருந்தார். ஜெராக்ஸ் புத்தகம் என் பையில்தான் இருந்தது, மூன்றாம் பகுதியோடு. "தங்கச்சிதான்" என்றேன். எனக்கு வாய் வரவில்லை. லயத்தில் எல்லோரும் காப்பாற்றி வந்த ஒரு ரகசியத்தை நான் போட்டு உடைக்கக் கூடாது என்று நினைத்தேன். அது அவர்களுக்கான மரியாதை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் எனக்குக் கூச்சம், அவ்வளவுதான்.

கோலா தெர்லாவில் வீரப்பனைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. பெரிய முட்டைக்கோஸ் தோட்டத்தின் ஓரத்தில், தகரமும் பிளாஸ்டிக்கும் போட்டு அடைத்த ஒரு அறையில் இருந்தார். நான் ஒரு முரடனை எதிர்பார்த்துப் போனேன். இவர் இருமிக்கொண்டே எழுந்து எனக்கு உட்கார ஒரு காய்கறிப் பெட்டியைத் துடைத்துப் போட்டார். கூட இருந்தவள் செத்து மூன்று வருஷம் ஆகிறதாம். லோரி ஓட்டிக்கொண்டிருந்தார், இப்போது கண் மங்கிவிட்டதால் மூட்டை கட்டும் வேலைதான். வேலை நின்றால் அறையும் போய்விடும்.

"பவளம் என்னைக் கூப்பிட்டுச்சாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். கையெழுத்துக்கு என்றேன். "சரிம்மா. நான் செஞ்ச பாவத்துக்கு இதாவது செய்யறேன்" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். கெட்ட மனுஷன் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

பதிவு நாளன்று காலையில் பவளம் அக்காவுக்குப் புடவை கட்டி, கொசுவத்துக்குப் பின் குத்திவிட்டவள் கங்கா. எங்களோடு தானா ராத்தா வரைக்கும் வந்தாள். உள்ளே வரவில்லை, பஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டாள். மோகனா அமைப்புப் பத்திரிகையில் படம் போட வேண்டும் என்று இரண்டு மாலை வாங்கி வந்திருந்தார். வீரப்பன் போட்டுக்கொண்டார். பவளம் அக்கா மாலையைக் கழுத்தில் போட மறுத்துவிட்டாள், கையிலேயே பிடித்திருந்தாள். அதிகாரி சம்மதமா என்று மலாயில் கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மறுபடியும் கேட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் மாலையைக் கங்காவிடம் கொடுத்தாள். கங்கா அதை வாங்கி, ஒவ்வொரு பூவாகப் பிய்த்து பஸ் வரும்வரை கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

சாவி கொடுக்கும் விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். குடும்பத் தலைவரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் வீட்டுச் சாவியைத் தனேஸ் போய் வாங்கினார். நாலு வருஷமும் கூட்டத்துக்கு ஒரு நாள் வராத மனுஷன். நான் கீழே நின்று கை தட்டினேன். பெண்களில் மாரியம்மா மட்டும் தன் கையால் சாவி வாங்கினாள், அவள் புருஷன் செத்துவிட்டதால். கடைசியாக வீரப்பன் பெயரைக் கூப்பிட்டார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாங்கினார். வாங்கிக்கொண்டு கோலா தெர்லாவுக்குத் திரும்பவில்லை. பந்தலுக்குப் பின்னால் இரண்டு பைகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"குடும்பத் தலைவரு வீட்டுல இருக்கணும்னு அந்த ஐயா மைக்ல சொன்னாரே" என்றார் என்னிடம். லிங்கேஸ்வரன் அண்ணன்தான் அப்படிப் பேசியிருந்தார். வீட்டை வாடகைக்கு விடாதீர்கள், அவரவர் குடும்பத்தோடு குடியிருங்கள், இது உங்கள் உரிமை என்று. வீரப்பனும் தொழிலாளிதான். அவருக்கும் தலைக்கு மேல் கூரை கிடையாது. வகுப்பில் படித்த முதல் பகுதியின்படி பார்த்தால் அவரைப் போகச் சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை.

அவர் ஹாலில் படுத்துக்கொண்டார். இவர்கள் இருவரும் பின்னறையில். அவர் சண்டை போட்டதில்லை, குடித்ததில்லை. சும்மா இருந்தார், அதுதான் தொல்லை. அக்கம்பக்கத்தில் பவளம் அக்காவை "வீட்டுக்காரரு எப்டி இருக்காரு" என்று கேட்கத் தொடங்கினார்கள். கங்காவைப் பார்த்து, அக்காவும் மாமாவும் சேர்ந்துவிட்டார்களே, நீ எதற்கு நடுவில் என்று கேட்டார்கள். பதினாறு வருஷம் தெரியாத மாதிரி இருந்த அதே வாய்கள்தான். அவர் சோற்றுக்கு உட்கார்ந்தால் யார் பரிமாறுவது என்று ஒரு பிரச்சினை வந்தது. கங்கா சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, "தலைவரே, போட்டுச் சாப்புடுங்க" என்பாளாம்.

ஐந்தாவது மாதம் வீடு கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. பட்டியலைச் சரிபார்த்திருக்கிறார்கள். பவளம், தகப்பன் பெயர் கருப்பையா. கங்கா, தகப்பன் பெயர் புவனேஸ்வரன். இருவரும் எப்படி உடன்பிறந்தவர்கள்? அடையாளக் கார்டில் கொட்டை எழுத்தில் இருப்பதை நான்தான் பாரத்தில் பார்த்து எழுதினேன், எழுதும்போது அது என் மண்டையில் ஏறவில்லை. உறவில்லாத ஆளைப் பதினாலு நாளில் வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் வீடு திரும்ப எடுக்கப்படும், மற்ற நாற்பத்தொரு பேரின் பாரங்களும் மறுபரிசீலனைக்குப் போகும் என்று எழுதியிருந்தது.

அன்றைக்குத்தான் கடை மாடியில் வாயைத் திறந்தேன். "அவங்க ரெண்டு பேரும் சேந்து வாழறவங்க. பதினாறு வருஷமா. அந்த வீடு அவங்க ரெண்டு பேரோட ஒழைப்பு."

மோகனா கண்ணை மூடிக்கொண்டார். "நான் அன்னைக்குக் கேட்டேனே உமா."

"அண்ணே, இத எழுதிக் கொடுப்போம். இதுவும் குடும்பந்தான்னு சொல்லுவோம். நம்ம புத்தகத்துலயே இருக்கு."

லிங்கேஸ்வரன் அண்ணன் கத்தவில்லை. அலுத்துப்போன குரலில் பேசினார். "எங்க எழுதறது? இந்த நாட்டுல இத எழுதுனா நாளைக்குப் பேப்பர்ல என்ன வரும் தெரியுமா? வீட்டுப் போராட்டமே அசிங்கம்னு எழுதுவானுங்க. நாப்பத்தொரு குடும்பம் உமா. நிலத்துக் கிராண்ட் பத்திரம் இன்னும் கைக்கு வரல. மொதல்ல அது வரட்டும். அதுக்கப்புறம் நானே முன்னால நிப்பேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது. மோகனாவைப் பார்த்தேன். விவாகரத்துக்கு மனுப் போடலாமா என்று கேட்டேன்.

"பதிவு பண்ணி ரெண்டு வருஷம் ஆகணும், சாதாரணமா. அதுக்கப்புறம் அவரு ஒத்துக்கணும், இல்லாட்டி வழக்கு நடத்தணும்" என்றார். "பதிவு பண்ணாம இருந்திருந்தா அவங்களுக்கு எந்தத் தடையும் இல்ல." சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை.

பட்டியல் என்னிடம்தான் இருந்தது. நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு நேரே கங்கா என்ற பெயர். செயலாளர் கையெழுத்துப் போட்டு நீக்க வேண்டும். லிங்கேஸ்வரன் அண்ணன் பேனாவை நீட்டவில்லை, யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. என் பையிலிருந்து என் பேனாவை எடுத்து நானே கோடு போட்டேன். என் வீடும் அந்த நாற்பத்தொன்றில் ஒன்று. கோடு போடும்போது அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நானே. வீரப்பன் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வேணும்னா நான் போயிடறேம்மா" என்றார். அவர் போனாலும் பிரயோஜனமில்லை, தலைவர் இல்லாவிட்டால் வீடே இல்லை. அதை அவருக்குச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், கொஞ்சம் நிம்மதியோடு என்றுதான் எனக்குப் பட்டது.

கங்கா துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். பவளம் அக்கா சுவரில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் துணிகளையும் எடுத்து அதே பையில் வைத்தாள்.

"அக்கா, நீங்க இருக்கணும்லா" என்றேன். "உங்க வீடுக்கா. பதினாறு வருஷம்... நாலு வருஷம் போராடி..."

"ஒரு ஆளு மட்டும் மெஷினப் புடிக்க முடியுமா?" என்றாள்.

அவ்வளவுதான். வேலையையும் விட்டுவிட்டாள். முப்பது வருஷ நிரந்தர வேலை. இரண்டு பேரும் சாலையில் இறங்கி, மேலேயிருந்து வந்த காய்கறி லோரியை நிறுத்தி ஏறிப் போனார்கள். அடுத்த மாதம் கிராண்ட் வந்தது. பேப்பரில் அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான், அதனால் நாற்பத்திரண்டும் வந்தது. லிங்கேஸ்வரன் அண்ணன் முழு வெற்றி என்று அறிக்கை விட்டார், அதைத் தட்டச்சு செய்தவள் நான். இரண்டு பெண்கள் பதினாறு வருஷம் வெட்டிய கொழுந்து இன்றைக்கு வீரப்பன் பெயரில் கல் வீடாக நிற்கிறது. அவர் வாசலில் ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறார்.

போன ஞாயிறு வகுப்புக்குப் போகாமல், அவர்கள் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு லெம்பா பெர்த்தாம் போனேன். அணைக்குக் கீழே வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். விசாரித்து விசாரித்து ஆறாவது தோட்டத்தில் கண்டுபிடித்தேன். பவளம் அக்கா கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கங்கா. இருவரும் பாதியாகிப் போயிருந்தார்கள். பவளம் அக்காவின் இரண்டு கைகளும் மருந்தடித்த செடியைத் தொட்டுத் தொட்டு முழங்கை வரை வெந்துபோன மாதிரி இருந்தது. உரம் வைக்கும் கொட்டகையை ஒட்டி ஒரு பலகை அறை, கதவுக்குப் பதில் சாக்கு. அதில்தான் இருக்கிறார்கள்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன். வழியெல்லாம் பெரிதாகப் பேச யோசித்து வைத்திருந்தேன், வந்தது அதுதான். "ரெண்டு வருஷம் முடிஞ்சதும் மோகனா வழக்குப் போடறேன்னு சொல்லியிருக்காங்க. இந்த மாசத்துலேருந்து வகுப்புல மூணாவது பகுதி ஆரம்பிச்சிருக்கோம்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. கங்கா சிரித்துவிட்டாள். பவளம் அக்கா ஒரு தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அழுகல் பெட்டியில் போட்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா அவன் என்னைத் தேடி வரல உமா" என்றாள். "நீ தேடிப் போயிக் கூட்டிட்டு வந்த."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, அவர்கள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நானும் தக்காளி பொறுக்கலாமா என்று யோசித்தேன். அப்போது தோட்ட முதலாளி தவுக்கேயின் வண்டி வந்து நின்றது. வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தது. தவுக்கே கண்ணாடியை இறக்கி, என்னைக் காட்டி, யார் அது, உங்கள் சொந்தமா என்று மலாயில் கேட்டார்.

கங்கா பவளம் அக்காவைப் பார்த்தாள். பவளம் அக்கா தக்காளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்கள எனக்குத் தெரியாது தவுக்கே" என்றாள் பவளம் அக்கா.

தவுக்கே என்னைப் பார்த்தார். வழி தவறி வந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்க்க நடந்தேன்.